சிரட்டைச் சவர்க்காரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது மணக்கவே இல்லை.

வீட்டில் காய்ச்சிய சவர்க்காரம் என்றதும் இப்போது பூ வாசம், மூலிகை, இயற்கை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். போன மாதம் தம்பியின் மகள் ஒரு போத்தல் நிறையச் சலவைத் திரவம் கொண்டுவந்து நீட்டினாள். "நானே செஞ்சது அத்தே. கடையில வாங்குற செலவுல பாதிகூட இல்ல." திறந்து முகர்ந்தேன். எலுமிச்சைப் புல் வாசம் ஆளைத் தூக்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகம் சுருங்கிப் போனதால், அதற்குப் பரிகாரமாக அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைவிட உங்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும்.

எழுபதுகளில் இலங்கை மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் எதற்கு? பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, சேலைத் துணிக்கு வரிசை. கூட்டுறவுச் சங்கக் கடையில் சவர்க்காரம் வந்திருக்கிறது என்று யாராவது சும்மா சொல்லிவிட்டால்கூடப் போதும், கொழுந்துக் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடியவர்கள் உண்டு. ஓடிப் போனால் அங்கே காலி அட்டைப் பெட்டிதான் இருக்கும். அந்தப் பெட்டியையாவது தாருங்கள் என்று வாங்கிவந்து, துணி வைக்கும் தகரப் பெட்டிக்குள் மடித்துப் போட்டவர் அம்மா. பெட்டியைத் திறக்கும்போது கொஞ்சம் வாசமாவது வருமே!

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பஸ் மூச்சு வாங்கி ஏறும் மலையில் இருந்தது. எங்களுடையது கீழ்லயம். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பிராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, கொஞ்சம் தள்ளித் தண்ணீர்ப் பீலி. அம்மா கொழுந்து எடுப்பார். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அடுப்பு வேலை. கொழுந்துச் சாயம் பட்ட சேலையும், எண்ணெயும் கரியும் அப்பிய காற்சட்டையும் எப்படியிருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கேள்வி கேட்கப்படும் துணி வீட்டில் ஒன்றுதான் இருந்தது: அக்காவின் வெள்ளைச் சீருடை.

அக்கா பதுளையில் படித்தாள். எங்கள் லயத்திலிருந்து பெரிய பரீட்சை வரைக்கும் போன முதல் பெண் அவள்தான். அந்த வருஷக் கடைசியில் பரீட்சை. எழுதினால் மேலே ஒரு வழி உண்டு. எழுதாவிட்டால் என்ன என்பதையும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். கங்காணி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாவை நிறுத்தி, "மூத்தது நல்லா வளர்ந்திருச்சே, பேரப் பதிஞ்சிடலாமில்ல?" என்பார். பேர் பதிவது என்றால் தோட்டத்துச் சம்பளப் புத்தகமான செக்ரோலில் பெயர் ஏறுவது. ஏறிவிட்டால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திரும்பிய ஒரு பெண்ணையும் நான் கண்டதில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும், "பரீட்சை முடியட்டும் கங்காணி" என்று தலையைச் சொறிவார்.

அழுக்குச் சீருடையோடு போனால் பள்ளிக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சீருடை வெள்ளையாக இருக்க வேண்டும். சவர்க்காரத்தை அம்மா நூலால் அறுப்பார். கத்தி வைத்தால் தூள் உதிருமாம். அந்தத் துண்டையும் சேலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் பீலிக்குப் போவார். அதுவும் கிடைக்காமல் போனபோது, பதுளைக் கடைத்தெருவில் கூடுதல் விலை கொடுத்து மறைவாக வாங்கினார். இந்த வேகத்தில் போனால் அக்காவின் பஸ் செலவுக்கு இருக்கும் காசு முழுக்கச் சவர்க்கார நுரையாகிப் பீலியோடு போய்விடும் என்று அம்மாவுக்குப் புரிந்தது.

யோசனை எண்ணெய்க் கடையில் பிறந்தது. கடைக்கார நானா பீப்பாயின் அடியில் தங்கிய தேங்காயெண்ணெய்க் கசடைச் சுரண்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, இந்த நாத்தத்தப் போய்ப் பாக்குறீங்க?"

"இத என்னா நானா செய்வீங்க?"

"வீசுறதுதான். ஒங்களுக்கு வேணுமா? ஜப்பான் யுத்த காலத்துல எங்கட உம்மா இதுலதானே சவுக்காரம் காச்சின. சாம்பத் தண்ணிய நல்லா வடிச்சி எடுக்கணும். இதப் போட்டுக் கிண்டணும். கை ஓயாமக் கிண்டிக்கிட்டே ஈக்கணும்."

"எவ்வளவு நேரம் நானா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் அப்ப ஓடி ஒளிஞ்சிருவேன், கிண்டச் சொல்வாங்கன்டு."

கசடை ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார். பஸ்ஸில் எங்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. அந்த வாடைக்கு யாரும் கிட்டே வந்து உட்காரவில்லை.

சாம்பலுக்குத் தோட்டத்தில் பஞ்சமா? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சியை மிலாறு என்போம். எல்லா அடுப்பிலும் அதுதான் விறகு. அம்மா பழைய வாளியின் அடியில் ஓட்டை போட்டு, அதில் மானாப்புல்லைத் திணித்து, மேலே மிலாற்றுச் சாம்பலைக் குவித்துத் தண்ணீர் ஊற்றினார். கீழே சொட்டியது தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர். அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "சுள்ளுன்னு இருக்கு" என்றார் மகிழ்ச்சியாக. எனக்கும் வைத்துவிட்டார். இரண்டு நாளைக்கு எனக்குச் சோற்றில் உப்புத் தெரியவில்லை.

பிறகு கிண்டினோம். அடடா, அந்தக் கிண்டல்! அம்மா கை மாற்றி நான், நான் கை மாற்றி அக்கா. அக்கா ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கிண்டுவாள். புகை கண்ணைக் கரிக்கும். அந்தக் குழம்பு கொதித்து, பொங்கி, ஒரு கட்டத்தில் பசை போல இழுபடும். அதைச் சிரட்டைகளில் ஊற்றி, அடுப்புக்கு மேலே இருந்த அட்டாலில் வரிசையாக வைத்தோம். பார்க்க அசல் தொதல் இனிப்பு மாதிரி, கருமையாக, மினுமினுப்பாக, விரல் வைத்தால் வழுக்குவதாக இருந்தது. தம்பிக்கும் தொதல் என்றே பட்டிருக்கிறது. ஒரு வாய் கடித்துவிட்டான். அவனைப் பீலியடியில் குனிய வைத்து வாயைக் கழுவினோம். அவன் அழுதான். நுரை வந்தது. அம்மா அந்த நுரையைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "நுரைக்குதுடி!" என்றார்.

நுரைத்தது, ஆனால் இறுகவில்லை. துணியில் தேய்த்தால் கையோடு கரைந்து போனது. அப்போதுதான் அம்மாவுக்குச் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. லயத்துக்கு வெள்ளையடிக்கத் தோட்டத்தில் கொடுத்ததில் மிச்சம் ஒரு தகரத்தில் இருந்தது. அகப்பையால் அள்ளிச் சாம்பல் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்துக் காய்ச்சினார். அந்தத் தடவை வந்த சவர்க்காரம் எறிந்தால் மண்டை உடையும் போல் இருந்தது. துணியில் கறை பறந்தது. அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த தடவை இரண்டு அகப்பை, அதற்கடுத்த தடவை அளவே இல்லை. சுவரையே வெள்ளையாக்குகிற சாமான் துணியை வெள்ளையாக்காதா என்பது அவர் கணக்கு.

அக்காவின் சீருடை பளபளத்தது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. எங்கள் வரிசையில் வாங்காத ஒரே ஆள் மூலைக் காம்பிராவில் இருந்த பெரியம்மா. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலாட்டுப் பாடுகிறவர், வாய்க்குப் பயந்து கங்காணியே ஒதுங்கிப் போகிற மனுஷி. சிரட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த நாத்தத்த ஒடம்புல சுத்திக்கிட்டு நான் ஆத்தா முன்னால போயி நிக்கவா? ஒன் வாசம் ஒன்னோட இருக்கட்டும் தாயி."

அம்மா சிரட்டையை வாங்கி அட்டாலில் வைத்தார். பெரியம்மா போன பிறகு, "அவங்க துணியப் பாரு, மண்ணு கலரு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் மழை பிந்தியது. பீலித் தண்ணீர் நூலாக இழைந்தது. வாளி நிறையும் வரை நின்று கால் மரத்துப் போகும். ஆளுக்கு ஒரு வாளிதான் என்று லயத்துக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டார்கள். அதே வாளியில் சீருடை, அதே தண்ணீரில் தம்பி சட்டை, கடைசியில் அப்பா காற்சட்டை. அலசுவது என்ன, நனைத்து எடுப்பதுதான். துணி காய்ந்ததும் தகரம் மாதிரி விறைத்து நிற்கும். அதையும் நாங்கள் கஞ்சி போட்ட மிடுக்கு என்றே நினைத்தோம்.

முதலில் தம்பிதான் இடுப்பைச் சொறிந்தான். பிறகு கழுத்தை. அம்மா சட்டையைக் கழற்றிப் பார்த்தார். சின்னச் சின்னதாகச் சிவந்து, ஒன்றிரண்டில் நீர் கோத்திருந்தது. அம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வெளையாட வந்திருக்கா" என்றார். நம் வீடுகளில் அம்மையை நோய் என்று சொல்ல மாட்டோமே. வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. அடுத்த காம்பிராவில் ஒரு பிள்ளை, அதற்கடுத்ததில் ஒரு தாயும் மகளும், பிறகு நான். லயம் முழுக்க வேப்பிலை. மூலைக் காம்பிராவில் மட்டும் ஒன்றுமில்லை. பெரியம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வீடாக வந்து வேப்பிலையால் தடவிவிட்டார்.

"எனக்கு ஏன் வரல தெரியுமா? நான் ஒரு வெள்ளிக்கெழம தவறினதில்ல."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

தோட்டத்து டாக்டரய்யா வந்தார். மருந்தறைக்குப் பொறுப்பானவர் அவர்தான், வேறு டாக்டர் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உண்டு. இஸ்தோப்புக்குக் கீழேயே நின்று, மூக்கில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, தம்பியைத் திரும்பச் சொன்னார். தம்பி திரும்பினான். அவ்வளவுதான் பரிசோதனை.

"அம்மைதான். லயத்த விட்டு ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

"ஐயா, மூத்த புள்ளைக்கு வர்ற வாரம் பதுளையில பரீட்சைங்க" என்றார் அம்மா. "அதுக்கு ஒண்ணும் இல்லைங்க. ஒடம்பு சுத்தமா இருக்குங்க."

"இந்த வீட்டுப் புள்ளைய பரீட்சை ஹோல்ல உக்கார வச்சா மத்தப் புள்ளைங்க என்னாகும்? அடுத்த வருஷம் எழுதட்டும்."

பின்னாலேயே கங்காணியும் வந்திருந்தார். "அடுத்த வருஷம் வரைக்கும் வீட்டுல வச்சி என்னா செய்யப் போறீங்க? ஆத்தா எறங்கட்டும், அப்புறமா பேரப் பதிஞ்சிடுவோம்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா தலையைச் சொறிந்தார். ஆனால் இந்தத் தடவை "பரீட்சை முடியட்டும்" என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று பின்னேரம் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். சீருடையின் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டினாள். அங்கேயும் சிவந்திருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றாள்.

"அம்மன் கோவிச்சுக்கும்க்கா."

"கோவிச்சுக்கட்டும். எழுதிட்டு வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஆனால் அம்மா கண்ணில் படாமல் ஒரு காம்பிராவுக்குள் எதை மறைப்பது? பார்த்துவிட்டார். பார்த்ததும் அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா கத்தினாள். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, கொஞ்சம் அரிப்புத்தான் என்றாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஆத்தாவ மீறி ஒன்ன அனுப்பிட்டு, வழியில ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா நான் எந்த மொகத்தோட இருப்பேன்?" அக்கா புத்தகத்தை மூடிவைத்தாள். அவள் புத்தகத்தை மூடிவைத்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அம்மாவுக்குத் தெரிந்த வழி ஆத்தாவைச் சீக்கிரம் குளிர வைப்பது. அதற்குச் சுத்தம் வேண்டும். தம்பியைக் கிடத்தும் அப்பாவின் வெள்ளை வேட்டி, எங்கள் போர்வை, அக்காவின் சீருடை எல்லாவற்றையும் மறுபடி துவைத்தார். சவர்க்காரத்தை இரண்டு மடங்கு போட்டுத் தேய்த்தார். ஆத்தாவுக்கு அல்லவா! வேட்டியைப் பார்த்தால் கண் கூசியது. அதில் படுத்த தம்பிக்கு முதுகு முழுக்கச் சிவந்தது. அம்மா இன்னும் பயந்து, இன்னும் சுத்தமாகத் துவைத்தார்.

தண்ணீர் ஊற்றும் நாளைப் பெரியம்மாதான் குறித்தார். அம்மை இறங்கும்போது வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றுவது வழக்கம். நல்ல வெயில் ஏறிய காலை. லயத்துக்குப் பின்னால் பெண்கள் கூடினார்கள். வேட்டியைச் சுற்றிக்கொண்டு தம்பி பலகையில் உட்கார்ந்திருந்தான். இவனுக்கு நல்லபடியாக இறங்கினால் அக்காவை அனுப்பலாமா என்று ஆத்தாவிடமே கேட்டுச் சொல்வதாகப் பெரியம்மாவின் ஏற்பாடு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். அக்கா கதவுக்குப் பின்னால், உள்ளே.

பெரியம்மா செம்பில் மொண்டு ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் தம்பியின் தலையில் விழுந்து, நெஞ்சில் வழிந்து, வேட்டியைத் தொட்டது.

தொட்ட இடம் சிவந்தது.

லேசான சிவப்பு இல்லை. ரத்தச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிப்பு மடிப்பாக ஊறி இறங்கியது. பெரியம்மா கையிலிருந்து செம்பு விழுந்து உருண்டது. "ஆத்தா! எம் மேல என்னடி கோவம்!" என்று அலறினார். பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். தம்பி குனிந்து தன் மடியைப் பார்த்தான். எங்கேயோ தன்னை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் போட்ட கூச்சலில் மேல்லயத்து நாய்கள் குரைத்தன.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். வரக்கூடாது என்று யாரோ கத்தினார்கள். அவள் நேரே போய் வேட்டி நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கசக்கினாள். மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. பரீட்சைக் கேள்வியில் விடை தெரிந்துவிட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"அம்மா, ஆரத்தித் தண்ணிக்கு என்னா போடுவோம்?"

அம்மாவுக்கு அது காதில் ஏறவே கொஞ்சம் நேரம் எடுத்தது. "மஞ்சளும்... சுண்ணாம்பும்."

"ரெண்டும் சேந்தா?"

"செவக்கும்."

"மஞ்சள இப்ப பெரிம்மா ஊத்துனாங்க. சுண்ணாம்பு எங்கேருந்தும்மா வந்திச்சு?"

அம்மா மெதுவாகத் திரும்பிக் கதவு வழியாக உள்ளே அட்டாலைப் பார்த்தார். சிரட்டைகள் வரிசையாக இருந்தன.

குழம்புக் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். வாரம் தவறாமல் பார்க்கிற சங்கதி. ஆனால் பயத்தோடு பார்க்கும்போது அது ரத்தமாகத்தான் தெரிந்தது. அக்கா விடாமல் பேசினாள். துணியில் சுண்ணாம்பும் சாம்பல் காரமும் போகாமல் தங்கியிருக்கிறது, வேர்வையில் ஊறித் தோலைத் தின்கிறது, அதனால்தான் கழுத்துப் பட்டியிலும் இடுப்புக் கட்டிலும் முதலில் வந்தது, அங்கேதான் துணி இரட்டை மடிப்பு.

"எல்லாம் சரி" என்றார் பெரியம்மா. செம்பை எடுத்துக்கொண்டார், தைரியமும் கொஞ்சம் திரும்பியிருந்தது. "ஒன் புஸ்தகத்துல ஆத்தாவப் பத்தி எழுதியிருக்கா?"

அக்கா சுற்றிப் பார்த்தாள். பூசைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அரிவாளில் அறுத்தாள். சிவந்த வேட்டி மேல் பிழிந்தாள்.

சிவப்பு பின்வாங்கியது. சாறு பட்ட இடமெல்லாம் பழையபடி மஞ்சள், வெறும் மஞ்சள். அவள் பிழியப் பிழிய ரத்தம் ஓடி ஒளிந்தது. தம்பி அழுகையை நிறுத்திவிட்டு, "இங்கயும், இங்கயும்" என்று காட்டினான்.

பிறகு பெரியம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"பாத்தீங்களாடி! எலுமிச்சம்பழம் குடுத்ததும் ஆத்தா எறங்கிட்டா!"

அக்கா வாயைத் திறந்தாள். அமிலம், காரம் என்று ஒரு பாடமே நடத்தியிருப்பாள். அம்மா பின்னாலிருந்து அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஆமாங்க பெரிம்மா" என்றாள் அக்கா. "எறங்கிட்டாங்க."

"அப்ப போயிப் பரீட்சை எழுது. நான் உத்தரவு குடுக்குறேன்."

அன்று பகலெல்லாம் கீழ்லயம் முழுக்க ஓடையில்தான் இருந்தது. பீலியை நம்பாமல், தேயிலை மலைக்குக் கீழே பள்ளத்தில் ஓடும் தண்ணீருக்குத் துணி மூட்டைகளைச் சுமந்து இறங்கினோம். அலசிய துணியின் ஓரத்தில் மஞ்சள் தூளை ஒரு சிட்டிகை தேய்த்துப் பார்ப்பது, சிவந்தால் மறுபடி அலசுவது. அம்மா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போனார். ஒருவரும் விடவில்லை.

"அட விடு. அரிச்சாலும் வெள்ளையாத்தானே இருந்திச்சி."

"இந்தா, ஒம் புருசன் சாரத்துல ஆத்தா இன்னும் எறங்கல. நல்லா அடிச்சித் தொவை."

"அவர்ட்ட இருக்குற காரம் சாரத்துலருந்து போயிருமாக்கும்?"

சிரிப்பு பள்ளம் முழுக்க மோதித் திரும்பியது. எத்தனையோ நாள் வேப்பிலைக்குப் பின்னால் அடங்கிக் கிடந்த சிரிப்பு. பெரியம்மாவும் கரையில் உட்கார்ந்து மஞ்சளைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஏதோ பிரசாதம் போல.

அலசிய துணியைப் போட்டதும் அரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. பரீட்சைக்கு முந்திய நாள் அக்கா கழுத்தில் ஒரு மங்கல் மட்டும்தான். ஆனாலும் டாக்டரய்யா ஒரு தடவை சொன்னது சொன்னதுதானே. அவர் வாயால் திருப்பிச் சொன்னால்தான் அக்கா லயத்தைத் தாண்ட முடியும். அம்மா எங்களை மருந்தறைக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் முனகிக்கொண்டே நடந்தார். சுண்ணாம்பைச் சொன்னால் திட்டு. சொல்லாவிட்டால் எப்படி நம்புவார்?

டாக்டரய்யா இந்தத் தடவை கைக்குட்டை பிடிக்கவில்லை. வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"இத யாரு அம்மைன்னு சொன்னது?"

அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, மிகப் பணிவாக, "யாரோ சொன்னாங்கய்யா" என்றார்.

"இந்தச் சனங்களே இப்படித்தான். வெறும் வேர்க்குருவுக்குப் போயி... புள்ளைய அனுப்பு, அனுப்பு."

வளைவு தாண்டும் வரை அம்மா தலையை நிமிர்த்தவில்லை. தாண்டியதும் பாதையோர மேட்டில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் உட்கார்ந்து சிரித்தோம். அந்தப் பக்கமாக வந்த கங்காணி, "என்னா, ஆத்தா எறங்கிட்டாளா?" என்றார். "எறங்கி, எந்திரிச்சி, நாளைக்கு பதுளைக்கு பஸ் ஏறுறா கங்காணி" என்றார் அம்மா. கங்காணியிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவோடு அம்மாவும் நானும் போனோம். அப்பா வேலைக்குப் போகும் வழியில் பாதை வரைக்கும் வந்து, அக்காவின் பேனாவை வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பதுளையில் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் ஒரே வெள்ளைச் சீருடைக் கூட்டம். சிலது மஞ்சள் பாரித்த வெள்ளை, சிலது ஒட்டுப் போட்ட வெள்ளை. அந்த வருஷத்து வெள்ளை அப்படித்தான் இருந்தது. வாசலில் நின்ற ஆள் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்துத்தான் விட்டார். அக்காவின் முறை வந்தபோது அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. அந்த ஆள் அக்காவைப் பார்த்தார். தள்ளிப் போகும்படி கை காட்டினார், உள்ளே. அக்கா போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதிலுக்கு வெளியே ஒரு வாகை மரம். அதன் கீழே உட்கார்ந்தோம். மணி அடித்தது. உள்ளே ஒரே அமைதி. அம்மா என்னிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் மரத்தில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

பட்டப் பகலில் அம்மா தூங்கி நான் கண்டதில்லை. அதுவும் பதுளை நகரத்தின் நடுவில், வாய் லேசாகத் திறந்து, செருப்பு ஒன்று கழன்று, உள்ளங்கை இரண்டும் மல்லாந்து. பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. மரக்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். அசையவில்லை. குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நின்று, "என்ன புள்ள, ஒங்க அம்மாவுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. சும்மா தூங்குறாங்க."

வெயில் நகர்ந்து அம்மாவின் முகத்துக்கு வந்தது. நான் எழுந்து அதை மறைத்தபடி நின்றேன். வாசல் திறந்து பிள்ளைகள் சளசளவென்று வெளியே வந்தார்கள். அக்கா விரல் முழுக்க மையோடு, எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள். சத்தமில்லாமல் அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.